ஒக்வி என்வேசோர் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர் ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் பத்துப் பதினைந்து பேர் கூடிக் கலை பற்றிப் பேசுவோம். கவின்கலைக் கல்லூரி மாணவர்கள், ஒரு வங்கி ஊழியர், பள்ளி ஆசிரியைகள் இரண்டு பேர், கவிதை எழுதுகிறவர்கள் என்று கலவையான கூட்டம். ஓவியர்களைப் பற்றிப் பேசினால் அமைதியாகக் கேட்டுக்கொள்வார்கள். ஒக்வி என்வேசோர் பெயரை எடுத்தால் மட்டும் கேள்விகள் கொட்டும், அதுவும் ஏறக்குறைய அதே கேள்விகள். கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை எழுதி, நான் சொன்ன பதில்களைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே வைத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், வம்பானவை பின்னால்.

இவர் யாரு? ஓவியரா, சிற்பியா?

இரண்டும் இல்லை. க்யூரேட்டர், விமர்சகர், கடைசி ஆண்டுகளில் அருங்காட்சியக இயக்குநர். 1963 அக்டோபர் 23 அன்று நைஜீரியாவின் கலபார் நகரில் ஓர் இக்போ குடும்பத்தில் பிறந்தார் (இக்போ நைஜீரியாவின் பெரிய இனங்களில் ஒன்று). 2019 மார்ச் 15 அன்று ஜெர்மனியின் ம்யூனிக் நகரில் புற்றுநோயால் இறந்தார். வயது 55தான். முழுப்பெயர் ஒக்வுசுக்வு. இக்போ மொழியில் 'கடவுளின் சொல்' என்று பொருள். வாழ்நாள் முழுக்கச் சொல்லோடு புழங்கியவருக்கு இந்தப் பெயர் அமைந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறையும்.

சமகாலக் கலை உலகில் இரண்டு பெரிய மேடைகள் உண்டு: ஜெர்மனியின் காஸல் நகரில் நடக்கும் டாக்குமெண்டா, இத்தாலியின் வெனிஸ் பியனாலே (பியனாலே என்றால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சி). இரண்டையும் தலைமையேற்று நடத்தியவர்கள் அவர் காலம் வரை இரண்டே பேர். முதலாமவர் ஸ்விட்சர்லாந்தின் ஹரால்ட் ஸேமன். அடுத்தவர் இவர்.

க்யூரேட்டர்னா படத்தை சுவத்துல மாட்டுறவர்தானே?

மாட்டுவதும் அந்த வேலையில் ஒரு பகுதிதான், அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். எங்கள் ஊரில் மூடிப்போன ஒரு ஸ்டூடியோவின் பழைய போட்டோக்கள் 22ஐ வைத்து நாங்கள் ஒரு சின்னக் கண்காட்சி நடத்தினோம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 150 செ.மீ. உயரத்தில் வருமாறு மாட்ட வேண்டும் என்பது பொதுவான வழக்கம், அப்படியே மாட்டினோம். முதல் நாள் வந்த பள்ளிப் பிள்ளைகள் அண்ணாந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்று ராத்திரியே எல்லாவற்றையும் கழற்றி ஒரு சாண் கீழே இறக்கினோம். மறுநாள் வந்த பிள்ளைகள் ஒவ்வொரு முகத்துக்கும் எதிரே நின்று "இது எங்க தெரு தாத்தா மாதிரி இருக்கு" என்று பேச ஆரம்பித்தார்கள். யாருக்காக எந்த உயரம் என்று முடிவெடுக்கிறோம் பாருங்கள், அங்கேதான் க்யூரேட்டரின் வேலை தொடங்குகிறது.

அதற்கு மேலே இருப்பது இன்னும் கனமானது. எதைக் காட்டுவது, எதை விடுவது, எதன் பக்கத்தில் எதை வைப்பது, சுவரில் இரண்டு வரி எழுத வேண்டுமென்றால் என்ன எழுதுவது. 1950இல் வரைந்த ஒரு நியூயார்க் ஓவியத்தைத் தனியாக மாட்டினால் பார்ப்பவர் ஒரு மாதிரிப் புரிந்துகொள்வார். அதே ஆண்டில் லாகோஸிலோ பம்பாயிலோ வரைந்த ஒன்றை அதன் பக்கத்தில் வைத்தால், இரண்டுமே வேறு படங்களாகிவிடும். என்வேசோர் காலம் முழுக்கச் செய்தது இந்தப் 'பக்கத்தில் வைப்பதை'த்தான்.

டைரக்டரும் க்யூரேட்டரும் ஒண்ணா, வேற வேறயா?

வேறு. கண்காட்சியின் கருத்துக்கும் படைப்புகளின் தேர்வுக்கும் பொறுப்பு க்யூரேட்டர். இயக்குநருக்குக் கட்டடம், ஊழியர், பட்ஜெட், அரசாங்கத்தோடும் நன்கொடையாளர்களோடும் பேச்சுவார்த்தை, மழை பெய்தால் கூரை ஒழுகாமல் இருப்பது வரை எல்லாமே தலையில் விழும். ஒரு படைப்பை வேறொரு அருங்காட்சியகத்திலிருந்து கடனாக வாங்க ஓராண்டு, ஈராண்டு முன்பே எழுதிக் கேட்க வேண்டும். காப்பீடு, பெட்டி, கூடவே வரும் பாதுகாவலர், வந்து இறங்கியதும் கீறல் இருக்கிறதா என்று சரிபார்த்துக் கையெழுத்திடும் அறிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் செலவு. அந்தக் காசுக்கு வழி பண்ண வேண்டியவர் இயக்குநர்.

என்வேசோர் சுமார் பதினைந்து ஆண்டுகள் பெரும்பாலும் எந்த நிறுவனத்தின் ஊழியராகவும் இல்லாமல் சுதந்திர க்யூரேட்டராக இருந்தார், நடுவில் 2005 முதல் 2009 வரை சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு கலைக் கல்லூரியின் டீனாக இருந்ததைத் தவிர. 2011 அக்டோபரில்தான் ம்யூனிக்கின் ஹவுஸ் டெர் குன்ஸ்ட் என்ற அருங்காட்சியகத்துக்கு இயக்குநரானார், 2018 ஜூன் வரை இருந்தார்.

கலை வரலாறே படிக்காதவர்னு சொல்றாங்க, அப்புறம் எப்படி இவ்வளவு பெரிய இடத்துக்குப் போனார்?

உண்மைதான், அவர் படித்தது அரசியல் அறிவியல். 1982இல் அமெரிக்கா போய் நியூ ஜெர்ஸியில் ஓர் அரசுக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். சிறுவயதில் பயாஃப்ரா போர் (நைஜீரிய உள்நாட்டுப் போர், 1967–70) காரணமாகக் குடும்பம் ஊர் விட்டு ஊர் மாறியது, கடைசியில் எனுகு நகரில் தங்கியது. ஊர் என்பது நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது என்று குழந்தையிலேயே பார்த்தவர். நியூயார்க் வந்த பிறகு கவிதை எழுதினார், காஃபிக் கடை மேடைகளில் வாசித்தார். கேலரிகளுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் போய்ப் பார்த்தார், பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் அவரை உறுத்தியது: ஆப்பிரிக்காவில் இன்று உயிரோடு இருந்து வேலை செய்யும் கலைஞர் ஒருவர்கூட அங்கே இல்லை. ஆப்பிரிக்கா என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய முகமூடி, அவ்வளவுதான்.

அவர் உடனே கண்காட்சி வைக்கக் கிளம்பவில்லை. 1994இல் ஒரு பத்திரிகை தொடங்கினார். பெயர் 'ன்கா'. இக்போவில் கலை என்று பொருள். சமகால ஆப்பிரிக்கக் கலைக்கென்றே ஓர் இதழ். நண்பர்கள் கூடிக் கட்டுரை எழுதி, கைக்காசு போட்டு அச்சடித்து, அதையே சுமந்துகொண்டு போய் ஆட்களிடம் கொடுப்பது என்றால் என்ன என்று தமிழில் படிக்கிற யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. நாம் சிற்றிதழ் வழியாகத்தான் நவீன இலக்கியத்தைக் கண்டடைந்தோம். என்வேசோரை ஒரு சிற்றிதழ்க்காரர் என்று நினைத்துப் பாருங்கள், அவர் பிறகு செய்த எல்லாமே புரிந்துவிடும். பிரசுரிக்க இடமில்லாதவர்களுக்குப் பக்கம் ஒதுக்குவது, ஒருவர் எழுத்தின் பக்கத்தில் இன்னொருவர் எழுத்தை வைத்து ஒரு விவாதத்தைக் கிளப்புவது, தேவையானால் தலையங்கம் எழுதிச் சண்டை போடுவது. 'ன்கா' இன்றும் வருகிறது, ட்யூக் பல்கலைக்கழக அச்சகம் வெளியிடுகிறது.

முதல் வாய்ப்பு யார் கொடுத்தாங்க?

நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம், 1996இல். 1940 முதல் அன்றுவரையிலான ஆப்பிரிக்கப் புகைப்படக் கலைஞர்கள் 30 பேரின் கண்காட்சி. என்வேசோர் அதை நடத்திய குழுவில் ஒருவர். இதழ் தொடங்கி இரண்டே ஆண்டுகள்.

இதில் ஒரே ஒரு ஆளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மாலி நாட்டின் பமாகோவில் 1948இல் ஸ்டூடியோ வைத்த செய்து கெய்ட்டா. முற்றத்தில் வெளிச்சத்துக்கு ஆளை உட்கார வைத்து, பின்னால் ஒரு துணியைத் தொங்கவிட்டுப் படம் எடுப்பார். ஆரம்பத்தில் அந்தத் துணி அவருடைய சொந்தக் கட்டில் விரிப்புதான், ஓரத்தில் குஞ்சம் தொங்கும். பூப்போட்ட உடை, பூப்போட்ட பின்துணி, இரண்டும் ஒன்றோடொன்று மோதி, நடுவில் அந்தப் பெண்ணின் முகமும் கையும் மட்டும் அமைதியாக நிற்கும். ரேடியோ, கைக்கடிகாரம், கோட்டு எல்லாம் ஸ்டூடியோவிலேயே இருக்கும், வேண்டியவர்கள் வாங்கி வைத்துக்கொண்டு போஸ் கொடுக்கலாம். நம் ஊர் ஸ்டூடியோக்களில் தொலைபேசி ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு எடுத்த படங்களைப் பார்த்தவர்களுக்கு இது அப்படியே தெரியும். இந்த மனிதர்கள் யாரும் ஆய்வாளரின் கேமரா முன்னால் நிறுத்தப்பட்டவர்கள் இல்லை. தங்கள் காசைக் கொடுத்து, தாங்கள் விரும்பியபடி தெரிய வேண்டும் என்று வந்து உட்கார்ந்தவர்கள். ஆப்பிரிக்கரை மற்றவர்கள் எடுத்த படம் வழியாக மட்டுமே பார்த்துப் பழகிய ஒரு நகரத்தின் நடுவில் இதைக் கொண்டுபோய் வைத்ததுதான் அந்தக் கண்காட்சி.

ஜோஹன்னஸ்பர்க்ல அவர் நடத்தின பியனாலே தோல்வின்னு படிச்சேனே?

1997இல் தென்னாப்பிரிக்காவில் இரண்டாவது ஜோஹன்னஸ்பர்க் பியனாலேயை நடத்தினார். நிறவெறி ஆட்சி போய் மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வணிகப் பாதைகள், இடப்பெயர்வு, எல்லைகள் என்பதை மையமாக வைத்து, பல நாட்டு க்யூரேட்டர்களிடம் ஆளுக்கொரு கண்காட்சியை ஒப்படைத்தார். நகர நிர்வாகத்திடம் பணம் தீர்ந்துபோய், குறித்த நாளுக்குச் சுமார் ஒரு மாதம் முன்பே மூடினார்கள். மூன்றாவது பியனாலே நடக்கவே இல்லை. உள்ளூர் ஆட்கள் நிறையப் பேர், "இது எங்களுக்கானதாக இல்லை, உலகக் க்யூரேட்டர்களுக்காக நடந்தது" என்று கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். பக்கத்துத் தெருக்காரர் உள்ளே வரத் தயங்கினால் அது க்யூரேட்டரும் யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

ஆனால் தோல்வி என்று ஒரே சொல்லில் முடிக்க மாட்டேன். லண்டன், நியூயார்க் வழியாகச் சுற்றிப் போகாமல் ஆப்பிரிக்க, ஆசிய, லத்தீன் அமெரிக்கக் கலைஞர்கள் ஒருவரையொருவர் நேரடியாகச் சந்தித்த இடம் அது. அப்புறம், அவர் அந்த ஊரை மறக்கவும் இல்லை. நிறவெறிக் காலப் புகைப்படங்கள் ஏறக்குறைய 500ஐத் தொகுத்து 2012இல் நியூயார்க்கில் ஒரு கண்காட்சி வைத்தார், அது ம்யூனிக் போய், 2014இல் ஜோஹன்னஸ்பர்க்குக்கே போய்ச் சேர்ந்தது.

டாக்குமெண்டா டாக்குமெண்டான்னு சொல்றீங்க, அதுல இவர் அப்படி என்னதான் மாத்தினார்?

முதலில் அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து நொறுங்கிய காஸல் நகரில், நாஜிகள் தடை செய்த நவீனக் கலையை மக்களுக்குத் திரும்பக் காட்ட வேண்டும் என்று 1955இல் ஆர்னல்ட் போடே தொடங்கியது. இப்போது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை 100 நாள் நடக்கிறது. 1998இல், 11வது டாக்குமெண்டாவுக்கு என்வேசோரை நியமித்தார்கள், அப்போது அவருக்கு 35 வயதுதான். ஐரோப்பாவுக்கு வெளியே பிறந்த ஒருவர் அந்தப் பொறுப்புக்கு வந்தது அதுவே முதல் முறை.

கண்காட்சி என்றால் காஸலுக்கு வாருங்கள், பாருங்கள், போங்கள் என்பதுதான் அதுவரை வழக்கம். இவர் டாக்குமெண்டாவை ஐந்து மேடைகளாகப் பிரித்தார். நான்கு மேடைகள் பேச்சும் விவாதமும். ஜனநாயகம் பற்றி வியன்னாவிலும் பெர்லினிலும். 2001இல் புது தில்லியில், பெருங்கொடுமைகளுக்குப் பிறகு ஒரு சமூகம் எப்படி உண்மையைச் சொல்லி நீதி தேடுவது என்பது பற்றி. மொழிகளும் பண்பாடுகளும் கலப்பது பற்றிக் கரீபியத் தீவான செயின்ட் லூசியாவில். ஃப்ரீடவுன், ஜோஹன்னஸ்பர்க், கின்ஷாசா, லாகோஸ் ஆகிய நான்கு நகரங்கள் பற்றி லாகோஸிலேயே. இவையெல்லாம் முடிந்து ஐந்தாவது மேடையாகத்தான் 2002 ஜூன் 8 அன்று காஸலில் கண்காட்சி திறந்தது. உண்மை, நீதி, காணாமல் போனவர்கள் என்ற சொற்கள் ஈழத்தைக் கண்ணெதிரே பார்த்த நம் தலைமுறைக்கு என்ன கனம் கொண்டவை என்று தெரியும். ஒரு கலைக் கண்காட்சியின் முதல் அறை அந்த விவாதமாக இருக்கலாம் என்று 2001இலேயே ஒருவர் நினைத்தார் என்பது எனக்கு இன்றும் பெரிய விஷயம்.

கண்காட்சிக்குள்ளும் அதே மனசுதான். தில்லியின் ராக்ஸ் மீடியா கலெக்டிவ் என்ற கலைஞர் குழு, ஆவணப்படக்காரர் அமர் கன்வர், உழைப்பாளிகளைப் படமெடுத்த ரவி அகர்வால் ஆகியோர் அங்கே இடம்பெற்றார்கள். தாமஸ் ஹிர்ஷ்ஹார்ன் என்ற கலைஞர் தன் படைப்பை அருங்காட்சியகத்தில் வைக்காமல், துருக்கியக் குடும்பங்கள் நிறைய வாழும் ஒரு குடியிருப்பின் நடுவில் அங்கிருப்பவர்களோடு சேர்ந்து கட்டினார். ஒரு சின்ன நூலகம், ஒரு டிவி ஸ்டூடியோ, ஒரு சிற்றுண்டிக் கடை. பார்க்க வந்தவர்கள் வாடகைக் காரில் அந்தக் குடியிருப்புக்குப் போக வேண்டியிருந்தது. 100 நாளில் சுமார் 6.5 லட்சம் பேர் டாக்குமெண்டாவுக்கு வந்தார்கள்.

கலைன்னு சொல்லிட்டு ஏன் இவ்வளவு வீடியோ, ஆவணப்படம், அரசியல்? அழகு எங்க போச்சு?

இதை எங்கள் கூட்டத்தில் ஓவிய மாணவர் ஒருவர் கோபமாகவே கேட்டார். அன்றைய ஐரோப்பிய விமர்சகர்கள் சிலரும் கேட்டார்கள். அந்த டாக்குமெண்டாவில், மொத்த நேரத்தையும் கூட்டினால் ஒரு மனிதர் பார்த்து முடிக்கவே முடியாத அளவு வீடியோ இருந்தது என்பது நியாயமான குறை. அலுப்பும் இருந்திருக்கும்.

ஆனால் ஒரு படைப்பை மட்டும் கேளுங்கள். ஸ்டீவ் மெக்வீன் (பின்னால் இவர் இயக்கிய படம்தான் 2014இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது) தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றைப் படமெடுத்தார். பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். படம் தொடங்கும்போது நீங்கள் தொழிலாளர்களோடு லிஃப்டில் இறங்குகிறீர்கள். திரை முழுக்க இருட்டு. கம்பிகள் உரசும் சத்தம் மட்டும். எப்போதாவது ஒரு வெளிச்சக் கீற்றில் ஒரு தோள், ஒரு தலைக்கவசத்தின் விளிம்பு, மறுபடி இருட்டு. நிமிடக் கணக்கில் இப்படியே இறங்கிக்கொண்டே இருக்கும். தங்க நகைக்குப் பழகிய நம்மைப் போன்றவர்களுக்கு அந்த இருட்டு உடம்பில் ஏறும். இதை அழகு என்று சொல்லாவிட்டால் வேறு எதைச் சொல்வது என்று அந்த மாணவரிடம் கேட்டேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பரவாயில்லை, நான் என் கருத்தை மாற்றிக்கொள்ளப் போவதும் இல்லை.

ஹிட்லர் கட்டின மியூசியத்துக்கு ஒரு ஆப்பிரிக்கர் டைரக்டரா? நிஜமாவா?

நிஜம்தான். ஹவுஸ் டெர் குன்ஸ்ட், அதாவது கலை இல்லம். முதலில் அதன் பெயர் 'ஜெர்மானியக் கலை இல்லம்'. 1933இல் ஹிட்லர் அடிக்கல் நாட்டியபோது கையிலிருந்த சுத்தியல் உடைந்தது, கட்டடக் கலைஞர் பால் லுட்விக் ட்ரூஸ்ட் மறு ஆண்டு தொடக்கத்திலேயே இறந்துபோனார். 1937 ஜூலை 18 அன்று நாஜிகள் மெச்சிய ஓவியங்களோடு திறந்தார்கள். மறுநாளே சில நிமிட நடை தூரத்தில், நவீனக் கலையைக் கேலி செய்வதற்கென்றே 'சீரழிந்த கலை' என்று இன்னொரு கண்காட்சியைத் திறந்தார்கள். போருக்குப் பின் அமெரிக்க ராணுவ அதிகாரிகளின் கிளப்பாக இருந்தது. 1955இல் பிக்காசோவின் போர் எதிர்ப்பு ஓவியமான குவெர்னிகா அதே சுவர்களுக்குள் காட்டப்பட்டது. இன்றும் முன்பக்கம் வரிசையாகக் கல் தூண்கள் நிற்கின்றன. தூண்களுக்கு நடுவே நடந்து அண்ணாந்து பார்த்தால், கூரையின் மொசைக் கோலத்தில் நாஜிகளின் ஸ்வஸ்திக வடிவம் கோர்த்துக்கோர்த்து ஓடுகிறது, அழிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

அந்தக் கூரைக்கடியில் தினமும் நடந்து அலுவலகம் போனார் என்வேசோர். கட்டடத்தின் கடந்த காலத்தை மறைக்கக் கூடாது என்பதில் அவருக்கு முன்பிருந்தவர்களும் அக்கறை காட்டினார்கள். இவர் 2012இல், திறந்து 75 ஆண்டு ஆனதை ஒட்டி, 1937 முதல் 1955 வரை அந்த வீடு கலையை எப்படிப் பயன்படுத்தியது என்பதையே கண்காட்சியாக வைத்தார். பிறகு ஆவணங்களுக்கென்று நிரந்தரமாக ஓர் அறை ஒதுக்கினார். இன்னொரு விஷயம், இந்த அருங்காட்சியகத்துக்குச் சொந்தச் சேகரிப்பு என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு கண்காட்சிக்கும் ஒவ்வொரு படைப்பையும் வெளியிலிருந்து வாங்கி வர வேண்டும். மூன்றாவது கேள்விக்கு நான் சொன்ன செலவுக் கணக்கை இங்கே நினைத்துப் பாருங்கள்.

அங்கே அவர் செஞ்சதுல ஒண்ணே ஒண்ணு சொல்லச் சொன்னா எதைச் சொல்வீங்க?

2016 அக்டோபரில் திறந்த 'போஸ்ட்வார்', அதாவது 'போருக்குப் பின்'. 1945 முதல் 1965 வரையிலான உலகக் கலை. கேட்டி சீகல், உல்ரிஹ் வில்மெஸ் ஆகியோரோடு சேர்ந்து பல ஆண்டுகள் உழைத்துச் செய்தது. 65 நாடுகள், 218 கலைஞர்கள், சுமார் 350 படைப்புகள். அந்த இருபது ஆண்டுக் கதையை அதுவரை எப்படிச் சொல்வார்கள் என்றால், கலையின் தலைநகரம் பாரிஸிலிருந்து நியூயார்க்குக்கு மாறியது, அவ்வளவே. இவர் கேட்ட கேள்வி எளியது: ஹிரோஷிமா நடந்ததும், இந்தியா சுதந்திரம் அடைந்ததும், ஆப்பிரிக்க நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விடுதலை பெற்றதும் அதே இருபது ஆண்டில்தானே, அங்கெல்லாம் ஓவியர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக் இருந்த கண்காட்சியில் நம் எம்.எஃப். ஹுசைனும், சூடானின் இப்ராஹிம் எல்-சலாஹியும் இருந்தார்கள், ஓரத்தில் தனி அறையில் இல்லை, அதே வரிசையில். இரண்டாவது கேள்வியில் சொன்ன 'பக்கத்தில் வைப்பது' இதுதான்.

வெனிஸ்ல கோடீஸ்வரங்க நடுவுல மூலதனம் வாசிக்க வெச்சாராமே, அது வேஷம் இல்லையா?

2015 வெனிஸ் பியனாலே. அதை நடத்திய முதல் ஆப்பிரிக்கர் இவர். 53 நாடுகளிலிருந்து 136 கலைஞர்கள். மைய அரங்கின் நடுவே கட்டடக் கலைஞர் டேவிட் அஜயே வடிவமைத்த ஒரு மேடை, அதில் மார்க்ஸின் மூலதனத்தை, மூன்று பாகங்களையும், ஏழு மாதம் வாசித்தார்கள். திரைப்படக் கலைஞர் ஐசக் ஜூலியன் அந்த வாசிப்பை இயக்கினார். வெளியே கால்வாயில் பெரும் பணக்காரர்களின் உல்லாசப் படகுகள் நின்றன என்பது உண்மை. இதைக் கண்டித்து நிறைய எழுதினார்கள்.

எனக்கு அது வேஷமாகப் படவில்லை. நம் ஊரில் ஒரு வாடகை அறையில் பத்துத் தோழர்கள் உட்கார்ந்து பத்தி பத்தியாக மூலதனம் வாசிப்பதைப் பார்த்தவன் நான். சத்தமாக, வரிசையாக, சலிக்காமல் வாசிப்பதற்கு ஒரு வலு உண்டு. பணம் கூடும் இடத்தில்தானே பணத்தைப் பற்றிப் பேச வேண்டும்? ஆனால் அந்தக் கண்காட்சி பாரமாக இருந்தது, மூச்சுவிட இடமில்லை என்ற விமர்சனத்தை நான் மறுக்க மாட்டேன். அந்த வருடம் கேரளத்தின் மதுசூதனன் கரியால் வரைந்த ஓவிய வரிசை அங்கே போயிற்று, மார்க்சியத்தையும் சினிமாவையும் கூடவே வைத்து வரைந்தவை. வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருது சிற்பி எல் அனட்சுயிக்குக் கிடைத்தது. கானாவில் பிறந்து நைஜீரியாவின் ன்சுக்காவில் வாழ்ந்து வேலை செய்தவர் அவர். அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நிர்வாகம் அவருக்கு வரல, மியூசியத்தைக் கடன்ல தள்ளிட்டார்னு ஒரு பேச்சு இருக்கே?

ஹவுஸ் டெர் குன்ஸ்டுக்குக் கடைசி ஆண்டுகளில் கடும் பண நெருக்கடி வந்தது, அவர் ஊரில் இருப்பதே குறைவு என்ற குற்றச்சாட்டும் வந்தது. 2021 வரை ஒப்பந்தம் இருந்தும், 2018 ஜூனில் உடல்நிலை காரணமாக விலகினார். அப்போதே புற்றுநோய்.

இயக்குநர் என்ற முறையில் அவருக்குப் பொறுப்பு உண்டு, அதிலிருந்து அவரை நான் விடுவிக்கவில்லை. கனவு காண்பவரையே கணக்கும் பார்க்கச் சொன்னால் ஒன்று இடிக்கும், பெரிய கண்காட்சி வைக்கிற எல்லா இயக்குநர்களுக்கும் இது பொது. ஆனால் சேகரிப்பே இல்லாத ஒரு வீட்டில் 'போஸ்ட்வார்' அளவுக்கு ஒன்றைச் செய்யக் காசு ஆகும் என்பது தொடங்கும் முன்பே எல்லோருக்கும் தெரிந்ததுதான். கண்காட்சி திறக்கும் நாளில் அவரோடு சேர்ந்து புகைப்படத்துக்கு நின்றுவிட்டு, கணக்கு வரும் நாளில் ஒருவர் பெயரை மட்டும் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

என்ன இருந்தாலும் வெள்ளைக்காரங்க மேடையில வெள்ளைக்காரங்க காசுலதானே எல்லாம் செஞ்சார்? ஆப்பிரிக்காவுல ஒண்ணும் கட்டலையே?

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். 'ன்கா' கூட வெளிவந்தது அமெரிக்காவிலிருந்துதான். பெரும்பாலான கண்காட்சிகளை லாகோஸில் இருக்கும் ஒரு மாணவி பார்த்திருக்க வழியில்லை.

ஆனால் ஒருவர் திறந்த வழியில் அடுத்தவர் நடப்பதையும் பார்க்க வேண்டும். கேமரூனில் பிறந்த க்யூரேட்டர் கோயோ கூவோ 2008இல் செனகலின் டக்கரில் ரா மெட்டீரியல் கம்பெனி என்ற கலை மையத்தை நிறுவினார். கேப் டவுனில் ஒரு பழைய தானியக் கிடங்குக்குள் இயங்கும் ஸைட்ஸ் மோகா அருங்காட்சியகத்துக்கு 2019இல் இயக்குநரானார். 2026 வெனிஸ் பியனாலேக்கு நியமிக்கப்பட்டு, 2025 மே மாதம் இறந்துபோனார். கட்டடம் கட்டியது அவரைப் போன்றவர்கள்தான். என்வேசோர் மட்டுமே எல்லாவற்றையும் செய்தார் என்று நான் சொல்லவே இல்லை.

நானும் இந்த வேலைக்கு வரணும். எங்க ஆரம்பிக்கிறது?

எழுதுங்கள். நான்காவது பதிலைத் திரும்பப் படியுங்கள். உங்கள் ஊரில் யாரும் எழுதி வைக்காத ஒருவர் கண்டிப்பாக இருப்பார்: பேனர் வரைந்தவர், நாடகத் திரைச்சீலை எழுதியவர், ஸ்டூடியோ வைத்திருந்தவர். அவரிடம் போய் உட்காருங்கள், நெகட்டிவ்களைக் கறையான் தின்னும் முன்னால் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, யார் படம், எந்த வருடம் என்று கேட்டு எழுதுங்கள். பட்டப்படிப்பு, வெளிநாட்டு உதவித்தொகை எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

செத்ததுக்கு அப்புறமும் அவர் பேர்ல கண்காட்சி வந்துச்சாமே, அது அவரோடதுன்னு எப்படிச் சொல்றது?

இரண்டு பெரிய கண்காட்சிகள் அப்படி வந்தன. அமெரிக்கக் கறுப்பின மக்களின் துக்கம் பற்றி அவர் திட்டமிட்டதை, அவருடைய நண்பர்கள் நான்கு பேர் முடித்து 2021இல் நியூயார்க்கின் நியூ மியூசியத்தில் திறந்தார்கள். ஷார்ஜா பியனாலேயின் 15வது பதிப்புக்கு அவர் எழுதி வைத்த கருத்தை ஹூர் அல் காசிமி 2023இல் நடத்திக் காட்டினார். ஆசிரியர் போன பிறகு கூட இருந்தவர்கள் அடுத்த இதழைக் கொண்டுவருவது மாதிரிதான். பெயர் அவருடையது, பொறுப்பு முடித்தவர்களுடையது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அவர் உயிரோடு இருக்கும்போது திறந்த கடைசிக் கண்காட்சி எல் அனட்சுயியுடையது. அனட்சுயி மதுப் புட்டி மூடிகளைத் தட்டித் தட்டையாக்கி, செம்புக் கம்பியால் கோர்த்து, சுவரளவு துணி போலத் தொங்கவிடுபவர். கலை வரலாற்றாசிரியர் சீக்கா ஒகேகே-அகுலுவோடு சேர்ந்து என்வேசோர் அதை ஹவுஸ் டெர் குன்ஸ்டில் உருவாக்கினார், பதவியில் இல்லாவிட்டாலும். அந்தக் கட்டடத்தின் முகப்புக்கென்றே அனட்சுயி ஒன்றைப் புதிதாகச் செய்தார். பத்திரிகை அச்சகங்களில் அச்சடித்து முடித்துத் தூக்கிப் போடும் உலோகத் தகடுகளை ஆயிரக்கணக்கில் சேர்த்து, 100 மீட்டருக்கும் மேல் நீளத்துக்கு, அந்தக் கல் தூண்களை மறைத்து அலை அலையாகத் தொங்கவிட்டார். 2019 மார்ச் 8 அன்று கண்காட்சி திறந்தது. ஒரு வாரம் கழித்து, அதே ஊரில், என்வேசோர் கண்ணை மூடினார். முகப்பில் அந்த அச்சுத் தகடுகள் அப்போதும் தொங்கிக்கொண்டிருந்தன.